சிலிண்டரில் மாட்டிய முள் மீட்டர் உண்மையில் என்ன காட்டுகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். வீடு தேடி வந்த ஒருவரிடம், சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்டுகிற முள் மீட்டர் ஒன்றை வாங்கினீர்கள். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் என்றார். 34 நாள் முள் பச்சையிலேயே நின்றது. 35ஆம் நாள் காலையிலும் பச்சைதான். மதியம் மஞ்சளுக்கு வந்தது, சாயங்காலம் இட்லி பாதி வேகும்போதே அடுப்பு அணைந்துவிட்டது. மீட்டர் பழுதா, இல்லை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: 2021இல் அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டரில் முள் மணிக்கு மணி ஒழுங்காக இறங்கியதே, அதுவும் சிலிண்டர்தானே? எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்.

நான் 24 வருடம் ஒரு கேஸ் நிரப்பும் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்தவன். அழுத்தம் காட்டும் மீட்டர்களைக் கழற்றி, சரிபார்த்து, திரும்ப மாட்டுவதுதான் அன்றாட வேலை. உங்கள் மீட்டரை நேரில் பார்க்காமல் அதன் தரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்த மாதிரி அது நடந்துகொண்டது என்றால், பெரும்பாலும் அது பழுதில்லை. தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டுவது அதன் வேலை. சமையல் கேஸ் சிலிண்டரில் அழுத்தத்தை வைத்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது, சிக்கல் அங்கேதான்.

முதலில் உங்கள் அப்பாவின் ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம், அது எளிது. தகரக் கூரையில் மழை பெய்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு துளியும் ஒரு தட்டு, ஆயிரக்கணக்கான தட்டுகள் சேர்ந்தால் ஒரே இரைச்சல். வாயுவின் மூலக்கூறுகளும் அப்படித்தான் ஓயாமல் சிலிண்டரின் சுவரில் மோதுகின்றன. அந்த மோதல்களின் மொத்தம்தான் அழுத்தம். அதே இடத்தில் மூலக்கூறுகள் பாதியானால் மோதல்களும் பாதி, முள்ளும் பாதி. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியின் சாரமும் இதுவே: வெப்பநிலை மாறாதவரை, வாயுவை எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவுக்கு அழுத்தம் ஏறும். டி டைப் என்று சொல்லும் பெரிய ஆக்ஸிஜன் சிலிண்டரின் உள்கொள்ளளவு 46.7 லிட்டர். அதில் 150 கிலோ அழுத்தத்துக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் 150 மடங்குக்கு, நிரப்பினால் 46.7ஐ 150ஆல் பெருக்கிக்கொள்ளலாம், சுமார் 7,000 லிட்டர் ஆக்ஸிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 700 நிமிடம், பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முள் 75க்கு வந்தால் பாதி மிச்சம். அவ்வளவு அழுத்தத்தில் பாயில் விதி துல்லியமாகப் பொருந்தாது, ஐந்தாறு சதவீதம் பிசகும். ஆனால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்குப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தாராளமாகப் போதும். அன்று நீங்கள் பார்த்தது இதைத்தான்.

சமையல் கேஸ் கதை வேறு. வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவில் பெரும்பகுதி வாயுவே கிடையாது, திரவம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். சிலிண்டரின் உள்கொள்ளளவு சுமார் 33 லிட்டர், புதுச் சிலிண்டரில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு உயரத்துக்குத் திரவம் நிற்கும். மேலே மிச்சமிருக்கும் சின்ன இடத்தில்தான் ஆவி. அடுப்புக்குப் போவது அந்த ஆவிதான். முள்ளைத் தள்ளுவதும் அந்த ஆவிதான்.

கல்யாண மண்டபத்தில் பந்தி நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் 200 இலை. வெளியே காத்திருக்கும் கூட்டம் 1,000 பேரோ 300 பேரோ, ஒருவர் எழுந்தால் அந்த இலையில் உடனே இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். கூடத்தை எட்டிப் பார்க்கிறவருக்கு எப்போதும் 200 தலைதான் தெரியும். வெளியே இன்னும் எத்தனை பேர் என்பது கூடத்தைப் பார்த்தால் தெரியாது. கடைசிப் பந்தியில்தான் இலைகள் காலியாக ஆரம்பிக்கும். சிலிண்டரின் மேல்பகுதி அந்தக் கூடம், திரவம் வெளியே காத்திருக்கும் கூட்டம். அடுப்பு கொஞ்சம் ஆவியை இழுத்தால், திரவத்திலிருந்து அதே அளவு ஆவி எழுந்து இடத்தை நிரப்பிவிடும். திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை அழுத்தம் அங்கேயே நிற்கும். இதை ஆவியழுத்தம் என்பார்கள். அது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது திரவம் எது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்ற இரண்டும்தான். திரவம் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதற்கு அதில் பங்கே இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் பெட்டிக்கடையில் ஒரு கண்ணாடி லைட்டர் வாங்குங்கள், உள்ளே திரவம் தெரிகிற மாதிரி. அதில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். முழுசாக இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் சுடர் ஒரே உயரம்தான். திரவம் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு நாலைந்து முறை பற்றும், சுடர் சின்னதாகும், அப்புறம் வெறும் பொறிதான். உங்கள் 35ஆம் நாள் அந்த நாலைந்து முறைதான்.

கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். திரவம் முழுக்கத் தீர்ந்த நொடியில் அந்த 33 லிட்டர் இடம் முழுக்க ஆவி இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அதன் எடை 200 முதல் 350 கிராம்வரை வரும். அந்த நொடியிலிருந்துதான் உங்கள் சிலிண்டர் ஆக்ஸிஜன் சிலிண்டர் மாதிரி நடக்கும், முள் கேஸோடு சேர்ந்து இறங்கும். ஒரு பர்னர் மணிக்கு 100 முதல் 170 கிராம் எரிக்கும் என்று வைத்தால், அதிகபட்சம் இரண்டு மூன்று மணி நேரச் சமையல். அதாவது 97 சதவீதத்துக்கு மேல் தீர்ந்த பிறகுதான் மீட்டர் வாயைத் திறக்கிறது. மதியச் சமையல், சாயங்கால இட்லி என்று நீங்கள் எழுதிய நேரம் இதோடு அழகாகப் பொருந்துகிறது.

அப்படியென்றால் ஆக்ஸிஜனை ஏன் திரவமாக்கி அடைக்கவில்லை, இன்னும் நிறையப் பிடிக்குமே என்று கேட்கத் தோன்றும். பெரிய மருத்துவமனை வளாகங்களில் உயரமான வெள்ளைத் தொட்டி பார்த்திருப்பீர்கள், அதில் திரவமாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் கடுங்குளிரில், ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் போட்டு. சாதாரணச் சிலிண்டரில் அது நடக்காது. ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு, அதற்கு மேலே எவ்வளவு நெருக்கினாலும் அது திரவமாகாது. 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். மாறுநிலை வெப்பநிலை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆக்ஸிஜனுக்கு அது சுமார் மைனஸ் 118 டிகிரி. நம் அறை அதைவிட எவ்வளவோ சூடு, அதனால் 150 கிலோ அழுத்தத்திலும் ஆக்ஸிஜன் வாயுவாகவே கிடக்கிறது. புரொப்பேனுக்கு அந்த வரம்பு சுமார் 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. இரண்டுக்கும் நம் அறை குளிர்ச்சிதான். அதனால் கொஞ்சம் நெருக்கினாலே திரவமாகிவிடுகின்றன. உங்கள் வீட்டில் வந்துபோன இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடின் எண் 31 டிகிரி, அதனால் அது இரண்டும்கெட்டான். ஆபீஸ் வராந்தாவில் தொங்கும் தீயணைப்பானைப் பாருங்கள். பவுடர் நிரப்பிய சிவப்பு உருளையில் சின்ன முள் மீட்டர் இருக்கும், ஏனென்றால் அதைத் தள்ளுவது நெருக்கி அடைத்த நைட்ரஜன். பக்கத்திலேயே கறுப்புக் கொம்பு வைத்த கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் பொதுவாக மீட்டரே இருக்காது. ஏசி அறையில் உள்ளே திரவம், வெயிலில் திரவமும் இல்லை ஆவியும் இல்லை என்ற நிலை. முள் வைத்தாலும் அளவைச் சொல்லாது. அதனால் அதை எடை போட்டுத்தான் சரிபார்ப்பார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, 34 நாளும் முள் பச்சையிலேயே நின்றது என்றீர்களே, உற்றுப் பார்த்திருந்தால் பச்சைக்குள்ளேயே அது அசைந்திருக்கும். காலையில் கொஞ்சம் கீழே, மதியம் மேலே. சாதாரண வாயு 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 5 சதவீதம்தான் ஏறும். ஆனால் புரொப்பேனின் ஆவியழுத்தம் அதே ஏற்றத்தில் சுமார் ஒன்பதரை பாரிலிருந்து பதின்மூன்றரை பாருக்குப் போய்விடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம்), 40 சதவீதத்துக்கு மேல். காரணம், சூடு ஏறும்போது மூலக்கூறுகள் வேகமாக மோதுவது மட்டும் நடக்கவில்லை, திரவத்திலிருந்து புதிதாக நிறைய மூலக்கூறுகள் ஆவியாகவும் வருகின்றன. ஆகவே நீங்கள் வாங்கியது ஒரு தெர்மாமீட்டர். கொஞ்சம் விலை அதிகமான தெர்மாமீட்டர். சிலிண்டரை வெயிலில் வைக்காதே என்று சொல்வதன் காரணமும் இதுவே.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் இடத்தில் நான் கொஞ்சம் எளிமைப்படுத்திவிட்டேன், யாராவது வேதியியல் படித்தவர் பின்னூட்டத்தில் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது ஒரே பொருள் என்றால்தான் அழுத்தம் கடைசிவரை அப்படியே நிற்கும். இது கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிப்பது, பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில். சுறுசுறுப்பான புரொப்பேன் முதலில் அதிகமாக வெளியேறிவிடும், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். எனவே ஒரு மாதத்தில் அழுத்தம் மெல்ல இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்கும் என்பது கலவையின் விகிதத்தைப் பொறுத்தது, அந்த விகிதம் எல்லாச் சிலிண்டரிலும் ஒன்றாக இருக்காது. தினசரி வெப்ப ஏற்ற இறக்கமும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த மெல்லிய இறக்கத்தை வைத்து ‘இன்னும் 4 கிலோ இருக்கிறது’ என்று சொல்ல முடியும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

சுடரைப் பார்த்தாவது தெரியாதா என்றால், அதற்கும் ரெகுலேட்டர் இடம் தராது. உள்ளே 5, 6 கிலோ அழுத்தம் இருந்தாலும் அது அடுப்புக்கு அனுப்புவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான். ஒரு அடி ஸ்கேல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் இருக்கும் அழுத்தம் அது. அவ்வளவு சின்ன அழுத்தம். உள்ளே அழுத்தம் பாதியாக விழுந்தாலும் ரெகுலேட்டர் அதே 30 கிராமைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ‘கேஸ் தீரப் போகும்போது சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும்’ என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். நடக்கலாம், ஆனால் பர்னர் துளையில் பால் பொங்கி அடைத்திருந்தாலும் அதேதான் நடக்கும். அதை நம்பி நான் சிலிண்டர் புக் பண்ணமாட்டேன்.

இங்கே ஒரு கிளைக்கதை, ஆனால் உங்கள் கேள்வியோடு சம்பந்தப்பட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு மாஸ்டர் என்னைத் தட்டி எழுப்பினார். ‘சார், நீங்க கேஸ் கம்பெனிதானே, வந்து பாருங்க.’ பெரிய அண்டாவில் சாம்பார், சுடர் அகல்விளக்கு மாதிரி இருந்தது. 19 கிலோ சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, அதற்கு மேலே வெறும் நீர் வேர்த்திருந்தது. கையாள் ஒருவர் வெந்நீரோடு வந்துகொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். நடந்தது இவ்வளவுதான்: திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 350 கிலோஜூல். அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வீட்டு அடுப்புக்கு 15 வாட் மாதிரி வந்தால் போதும், ஒரு எல்இடி பல்பு எடுக்கும் அளவு, அதைக் காற்று எளிதாகக் கொடுத்துவிடும். மணிக்கு 2 கிலோ இழுக்கும் அண்டா அடுப்புக்கு 200 வாட் பக்கம் வேண்டும். அவ்வளவு வேகமாகச் சூடு உள்ளே வராது, திரவம் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது, குளிர்ந்தால் ஆவியழுத்தம் விழுகிறது. 0 டிகிரிக்குப் போய்விட்டால் மிச்சமிருக்கும் பியூட்டேனுக்கு வெளிக்காற்றைத் தாண்டி வரவே தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் மீட்டரை அங்கே மாட்டியிருந்தால் ‘காலி’ என்று காட்டியிருக்கும், உள்ளே சில கிலோ இருக்கும்போதே! அடுப்பை அணைத்து, சாதாரணத் தண்ணீர் நிரம்பிய அகலத் தொட்டியில் சிலிண்டரை நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். காற்றைவிடத் தண்ணீர் மிக வேகமாகச் சூட்டைக் கொடுக்கும். கால் மணி நேரத்தில் சாம்பார் கொதித்தது. வெந்நீர் ஊற்றுவது, கீழே தீ காட்டுவது, படுக்க வைத்து உருட்டுவது எல்லாம் ஆபத்து. படுத்த சிலிண்டரில் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரியும்.

அந்தப் பனிக்கோடு எங்கே முடிந்ததோ அதுதான் திரவ மட்டம். வீட்டில் ஈரத்துணி வைத்துப் பார்க்கும் பழக்கம் இதே விஷயம்தான், இதில் உண்மை இருக்கிறது. அரை மணி நேரம் அடுப்பு எரிந்த பிறகு, சிலிண்டரில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஆவி இருக்கும் மேல்பகுதி சீக்கிரம் காயும், குளிர்ந்த திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்ப்பகுதி ஈரமாகவே நிற்கும். ஆனால் காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்காத சிலிண்டரில் இது தெளிவாக வராது, மழைக்காலத்தில் எல்லாமே மெதுவாகத்தான் காயும். தோராயத்துக்குச் சரி.

உறுதியான வழி, அந்தக் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானுக்குச் செய்வதுதான்: எடை. சிலிண்டரின் கைப்பிடி வளையத்தை உடலோடு சேர்க்கும் பட்டைகளின் உட்பக்கம் காலி எடை எழுதியிருக்கும், 15.3 அல்லது 16.1 என்பது போல, சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். ரெகுலேட்டரைக் கழற்றி, உடம்பு எடை பார்க்கும் மெஷினில் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, வரும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம்தான் கேஸ். மெஷின் அரை கிலோ பிசகினால்கூட உங்கள் முள்ளைவிட அது எவ்வளவோ நம்பகமானது. கொண்டுவந்து போடும்போதே தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதே பட்டையில் ஏ, பி, சி, டி எழுத்தோடு வருட எண்ணும் இருக்கும். அது அடுத்த சோதனை எந்தக் காலாண்டுக்குள் என்பது, ஏ என்றால் மார்ச் வரை. நாள் கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்.

இனி மீட்டரை என்ன செய்வது? கேஸ் திடீரென்று அதிகமாகப் போனால் அடைத்துக்கொள்ளும் வால்வும் உள்ளே இருக்கிறது என்று சொல்லித்தான் இவற்றை விற்கிறார்கள். உங்களுடையதில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது இது: சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் இன்னொன்றை மாட்டினால், முழு அழுத்தம் தாங்கவேண்டிய இணைப்பு ஒன்று கூடுகிறது, அதில் ஒரு ரப்பர் வளையமும் கூடுகிறது. உங்கள் ஏஜென்சியில் காட்டிக் கேளுங்கள், அவர்கள் சரி என்று சொல்லாதவரை நானாக இருந்தால் கழற்றி வைத்துவிடுவேன். கழற்றும்போது வாசனை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள், ஸ்விட்ச் எதையும் தொடவேண்டாம்.

கேஸ் அளவைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும் என்று ஆசையிருந்தால், சில வருடங்களாக 10 கிலோ காம்போசிட் சிலிண்டர் வருகிறது, இரும்புக்குப் பதில் ஃபைபர் உடல். என் மகள் வீட்டில் அதுதான். ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் உள்ளே திரவம் நிழலாகத் தெரியும். சிலிண்டரை லேசாகத் தட்டினால் அந்த நிழலின் மேல்விளிம்பு ஆடும்.